உயர் ரத்த அழுத்தம் இதயத்தை என்ன செய்கிறது

உயர் ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் பெரும்பாலும் ஒரே நோய்ப்பாதையில் அடுத்தடுத்து வரும் இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் இடையில் பத்து, இருபது ஆண்டுகள்கூட இருக்கலாம். முதல் கட்டத்தில் நோயாளிக்குப் பி.பி. 170/100, எனலாப்ரில் மாத்திரை எழுதிக் கொடுக்கப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து அதே மனிதர் கால் வீங்கி, மூச்சு வாங்கி வார்டில் படுத்திருக்கிறார். இப்போது பி.பி. 104/66. கேஸ் ஷீட்டைப் பார்த்தால் அதே எனலாப்ரில். பிரஷரே இறங்கிப்போனவருக்குப் பிரஷர் மாத்திரை எதற்கு என்று முதன்முறை வார்டுக்கு வரும் செவிலியர் மாணவர் திகைப்பது இயல்பு, கேட்கவேண்டிய கேள்வியும்கூட. இதற்கு விடை தெரிந்தால் இந்த நோயின் முக்கால் பாகம் புரிந்துவிடும்.

ரத்தக் குழாய்க்குள் ஓடும் ரத்தம் குழாயின் சுவரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதே ரத்த அழுத்தம். அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை அனுப்புகிறது, அந்த ரத்தம் போகிற வழி எவ்வளவு குறுகலாக இருக்கிறது. ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்ப்பவர்களுக்குச் சொட்டுநீர்க் குழாயின் இயல்பு நன்றாகத் தெரியும். மோட்டார் அதே வேகத்தில் ஓடினாலும், டிரிப்பர்களில் உப்புப் படிந்து துளை சுருங்கினால் மெயின் குழாயில் அழுத்தம் ஏறும். துளை சரியாக இருந்து மோட்டார் அதிகத் தண்ணீரைத் தள்ளினாலும் ஏறும். உடலில் அந்தத் துளைகளின் வேலையைச் செய்பவை நுண்தமனிகள். அவற்றின் சுவரில் தசை உண்டு; நரம்பும் ஹார்மோனும் ஆணையிட்டால் அவை சுருங்கும், விரியும். மோட்டாருக்கும் இதயத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் தொடங்குகிறது. அழுத்தம் கூடினால் மோட்டார் அப்படியே இருக்கும் அல்லது சூடேறிப் புகைந்துபோகும். இதயம் அப்படியல்ல, கூடிய சுமைக்கு ஏற்பத் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும்.

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய ஐந்து லிட்டர். நாளொன்றுக்கு ஒரு லட்சம் துடிப்பு. இடது கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் எழும் உச்ச அழுத்தம் சிஸ்டாலிக் எனப்படும் சுருங்கழுத்தம். இதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு நிரம்பிக்கொண்டிருக்கும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் டயஸ்டாலிக் எனப்படும் விரிவழுத்தம். 120/80 என்று எழுதும்போது முதலில் வருவது முன்னது. அளவு பாதரச மில்லிமீட்டரில். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமானது என்பதால், 120 என்னும் எண் ஐந்தடிக்கும் மேல் உயரமான தண்ணீர்த் தூணைத் தாங்கும் அழுத்தத்துக்குச் சமம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தூக்குவது அவ்வளவு.

இப்படி ஓர் அழுத்தம் இருப்பதை முதலில் கண்ணால் காட்டியவர் ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் குழாயில் எட்டடிக்கு மேல் ஏறி, துடிப்புக்குத் துடிப்பு மேலும் கீழுமாக ஆடியது. 1733இல் இதை நூலாக வெளியிட்டார். தமனியை அறுக்காமல் எளிதாக அளக்க வழி பிறக்க இன்னும் 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896இல் கையில் காற்றுப்பட்டையைக் கட்டி, நாடி மறையும் இடத்தைக் கொண்டு சுருங்கழுத்தத்தை அளந்தார். 1905இல் ரஷ்ய ராணுவ மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டையின் காற்றை இறக்கும்போது முதல் ஒலி கேட்கும் இடம் சுருங்கழுத்தம், ஒலி அடங்கும் இடம் விரிவழுத்தம். நர்சிங் கல்லூரியில் இன்றும் கற்பிக்கப்படுவது அவர் சொன்ன முறைதான்.

எளிய முறைதான், ஆனால் தவறாக அளப்பதும் அதே அளவுக்கு எளிது. அளக்கப்படுபவர் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்கவேண்டும். முந்தைய அரைமணி நேரத்தில் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏறும், பேசிக்கொண்டிருந்தாலும் ஏறும். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கவேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால், இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் எண்பது சதவீதத்தையாவது சுற்றவேண்டும். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டையைக் கட்டுவதும் கூடாது. கையால் அளக்கும்போது முதலில் நாடியைத் தொட்டுப் பார்த்து, அது மறையும் அளவைத் தெரிந்துகொண்டபின் அதற்கு மேல் 30 ஏற்றி இறக்குவது நல்லது. சில முதியவர்களுக்கு இடையில் ஒலி மறைந்து மீண்டும் கேட்கும், அதில் ஏமாந்தால் உண்மையான சுருங்கழுத்தம் தவறிவிடும். காற்றை நொடிக்கு இரண்டு மில்லிமீட்டர் வீதம் இறக்கவேண்டும். ஒருமுறை அளந்து முத்திரை குத்தக்கூடாது. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, வேறொரு நாளில் மறுபடியும் அளந்து, 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம். 180/110ஐத் தாண்டியிருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். 148, 152 என்று கிடைத்ததை 150 என்று முழுசாக்கி எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எண்ணை எழுதும் கை ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிடுவது நல்லது.

இத்தனை கவனம் தேவைப்படுவதற்குக் காரணம், அளப்பதைத் தவிர இந்த நோயைக் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது என்பதே. தலைவலி, தலைசுற்றல், கோபம் வந்தால் பிரஷர் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குச் சுமார் 34 பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். மற்றவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டு, நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடும் முயற்சி ஒன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல் வீட்டுக்கே போய் அளந்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், நோய்த்தணிப்புச் செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் இதன் தூண்கள். 2024இல் தொற்றாநோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இந்தப் பணி தொழிற்சாலைகளுக்குள்ளும் விரிந்தது. ஓசூர் சிப்காட் போன்ற இடங்களுக்கு இது மிகவும் தேவை. பகல் முழுதும் ஆலைக்குள் இருப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதற்கு ஒரு நாள் கூலியை விடவேண்டியிருக்கும். உடம்பில் எந்தக் குறையும் தெரியாதபோது யாரும் கூலியை விடமாட்டார்கள்.

குறை தெரியாத அந்த ஆண்டுகளில் இதயத்துக்குள் என்ன நடக்கிறது? அழுத்தம் கூடிய தமனிக்குள் ரத்தத்தைத் தள்ள, இடது கீழறை அதைவிடக் கூடுதலான அழுத்தத்தை உண்டாக்கவேண்டும். அப்போது அதன் சுவரில் உள்ள ஒவ்வொரு தசையிழையும் அதிக இழுவிசையைத் தாங்குகிறது. அறைக்குள் அழுத்தம் கூடினால் இழுவிசை கூடும். அறை பெரிதானாலும் கூடும். சுவர் தடித்தால் குறையும். ஆகவே இதயம் சுவரைத் தடிக்க வைக்கிறது. வழக்கமாகச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் சுவர் 12, 14 மில்லிமீட்டர் என்று பருக்கிறது. தசைச் செல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கும் செல்களே பருமனாகின்றன. சுவர் தடித்ததும் ஒவ்வோர் இழையின் சுமையும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. தள்ளும் திறனும் குறைவதில்லை. எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்றே அறிக்கை வரும். அந்த மனிதர் மாடிப்படி ஏறுகிறார், ஷிஃப்டு முடித்துக் கபடியும் ஆடுகிறார்.

இந்தச் சமாளிப்புக்கு விலை உண்டு. செல்கள் பருத்த அளவுக்கு நுண்ரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை; ஆகவே தசையின் உள்ளடுக்குக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு. செல்களுக்கு இடையில் நார்த்திசு படிகிறது. தடித்து, நாரேறிய சுவர் சுருங்கத் தெரிந்தாலும் தளரத் தெரியாததாகிறது. இதயம் வேலை செய்வது சுருங்கும்போது மட்டும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. தளர்ந்து இடம் கொடுப்பதும் அதற்கு இணையான வேலை. விறைத்த அறைக்குள் ரத்தம் நிரம்பவேண்டுமானால் பின்னாலிருந்து அதிக அழுத்தத்தோடு தள்ளப்படவேண்டும். இடது கீழறைக்குப் பின்னால் இருப்பது இடது மேலறை, அதற்குப் பின்னால் நுரையீரல். அழுத்தம் அங்கே தேங்கும்போது நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. சுருங்கும் திறன் குறையாமலேயே இதயச் செயலிழப்பு வந்துவிட்டது.

இந்த இடத்தில் எக்கோ அறிக்கையில் வரும் இ.எஃப். என்னும் எண்ணைப் புரிந்துகொள்ளவேண்டும். தமிழில் வெளித்தள்ளு விகிதம் எனலாம். அறையில் நிரம்பிய 120 மில்லியில் 70 மில்லி வெளியே போனால் விகிதம் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, அது இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே போனால், சுருங்கும் திறன் குறைந்த செயலிழப்பு. 50க்கு மேல் இருந்தும் மூச்சிரைப்பும் வீக்கமும் இருந்தால், மேலே சொன்ன விறைப்பு வகை. இ.எஃப். 60 இருக்கிறது, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்படும் வயதான பெண்மணிகள் பலருக்கு இருப்பது இந்த இரண்டாம் வகைதான். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோனது என்று பொருளல்ல என்பதையும் குடும்பத்தாருக்குச் சொல்லியாகவேண்டும். உடலுக்குத் தேவையான ரத்தத்தை இயல்பான அழுத்தத்தில் கொடுக்க முடியாமல் இதயம் திணறுகிறது என்பதே அதன் பொருள்.

தடித்த இதயம் காலப்போக்கில் களைத்து விரிந்து, இ.எஃப். குறைவது ஒரு வழி. இந்தியாவில் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு: உயர் அழுத்தம் இதயத் தமனிகளின் உட்சுவரைக் கெடுத்து அடைப்புக்கு வழிவிடுகிறது, மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறக்கிறது, மிச்சத் தசை முழுச் சுமையையும் ஏற்கிறது. 2013இல் திருவனந்தபுரத்தில் 1,205 நோயாளிகளைப் பதிவுசெய்து பின்தொடர்ந்த ஆய்வில், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோருக்குச் செயலிழப்பின் காரணம் இதயத் தமனி நோய். நோயாளிகளின் சராசரி வயது 61. மேலை நாடுகளைவிடப் பத்தாண்டு குறைவு. சர்க்கரை நோயும் புகையிலையும் இதே பாதையில் கைகோத்துக்கொள்கின்றன.

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வரலாம். தளர்ந்துபோன இதயத்தால் பழைய அழுத்தத்தை உண்டாக்க முடிவதில்லை, ஆகவே பி.பி. தானாகவே இறங்குகிறது. இருபது ஆண்டுகளாக 170 இருந்தவருக்கு எந்த மாற்றமும் செய்யாமல் 110 வந்தால் அது நற்செய்தியல்ல. அதைவிட மோசமானது, உடல் இந்த இறக்கத்தைப் புரிந்துகொள்ளும் விதம். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்தால், இதயம் பலவீனமானதை அது அறியாது. ரத்தம் இழந்துவிட்டதாக அல்லது தண்ணீர் வற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. காயம்பட்டு ரத்தம் கொட்டும் உயிரினத்தைக் காப்பாற்றுவதற்காக உருவான ஏற்பாடு அது. உடனே ரெனின் சுரக்கிறது. அதன் விளைவாக ஆஞ்சியோடென்சின் உருவாகி நுண்தமனிகளை இறுக்குகிறது. ஆல்டோஸ்டீரோன் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அட்ரீனலின் வகை ஹார்மோன்கள் இதயத்தை விரட்டுகின்றன. களைத்த இதயத்தின் முன்னால் வழி குறுகுகிறது, பின்னால் வெள்ளம் கூடுகிறது, சாட்டையடியும் விழுகிறது. கூடவே ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டீரோனும் இதயத் தசையில் நேரடியாக நார்த்திசுவை வளர்க்கின்றன.

எனலாப்ரில் இந்தச் சங்கிலியின் நடுவில் வெட்டுகிறது. 104/66 உள்ளவருக்கு அது கொடுக்கப்படுவது எண்ணைக் குறைப்பதற்காக அல்ல. இதயத்தைத் தாக்கும் ஹார்மோன்களிடமிருந்து அதைக் காப்பதற்காக. இதை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மருத்துவமனைகளில் மிகக் கடுமையான செயலிழப்பு உள்ள 253 பேரிடம் நடந்து 1987இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில், ஆறு மாதத்துக்குள் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 44 சதவீதமும் எனலாப்ரில் பெற்றவர்களில் 26 சதவீதமும் இறந்தார்கள். இந்த மருந்துக் குடும்பத்தின் தொடக்கம் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு; அது கடித்தவரின் ரத்த அழுத்தம் ஏன் சரிகிறது என்று ஆராயப்போய்க் கிடைத்தது.

உயர் அழுத்தம்தான் செயலிழப்புக்குக் காரணம் என்பதே அவ்வளவு சீக்கிரம் ஏற்கப்படவில்லை. 1940களில்கூட, குறுகிய குழாய்கள் வழியே ரத்தத்தைச் செலுத்த உடலுக்கு உயர் அழுத்தம் அவசியம், அதைக் குறைப்பது ஆபத்து என்று பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கதை இதற்குச் சான்று. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் அவரைப் பரிசோதித்தபோது பி.பி. 186/108, இதயம் வீங்கியிருந்தது, நுரையீரலில் நீர்க்கசிவின் ஒலி கேட்டது. அன்றைக்கு இருந்ததெல்லாம் டிஜிட்டாலிஸ், உப்புக் குறைத்த உணவு, ஓய்வு. 1945 ஏப்ரல் 12 அன்று 300/190 அழுத்தத்தோடு மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். மூன்றாண்டு கழித்து, 1948இல், அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. அந்த ஆய்விலிருந்து 1996இல் வெளியான கணக்கின்படி, இதயச் செயலிழப்பு வந்தவர்களில் 91 சதவீதத்தினருக்கு அதற்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது.

முன்னால் இருந்தது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது. அழுத்தத்தைக் குறைத்தால் நோய் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு மருந்து வேண்டும். அந்த மருந்துகளில் ஒன்றின் வேர் இந்தியாவில் இருந்தது. சர்ப்பகந்தா என்னும் சிவன் அமல்பொடிச் செடியின் வேர் உயர் அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பினையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்து அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் சோதித்தார்கள். 1967இல் வெளியான முதல் முடிவு: விரிவழுத்தம் 115க்கு மேல் இருந்தவர்களில், வெற்று மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு, மருந்து பெற்ற 73 பேரில் இரண்டு பேருக்கு. மிதமான அழுத்தம் உள்ளோரைப் பற்றி 1970இல் வந்த முடிவில், வெற்று மாத்திரைக் குழுவில் 11 பேருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. மருந்துக் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. அறிவியலில் இவ்வளவு தெளிவான விடை அரிது. 2015இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வு சுருங்கழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது செயலிழப்பு மேலும் 38 சதவீதம் குறைந்தது.

நோய் முற்றும் முன் அடையாளம் காண்பதில் செவிலியரின் கேள்விகளுக்கு எந்தக் கருவிக்கும் குறையாத மதிப்பு உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். ஆலைகளில் இந்தி பேசுவோரும் ஏராளம். நோய்க்குறியின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, அன்றாடச் செயலைக் கேட்பது எல்லா மொழியிலும் எடுபடும். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தீர்களா? போன மாதம் நிற்காமல் நடந்த தூரத்தை இப்போது நடக்க முடிகிறதா? செருப்பு, கொலுசு இறுக்கமாகிறதா? படுத்தால் திணறுவதற்குக் காரணம், பகலில் காலில் தேங்கிய நீர் படுக்கும்போது மார்புக்குத் திரும்புவது. வீங்கிய காலைக் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழும். ஆனால் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். அப்போது மூச்சிரைப்பு, கழுத்துச் சிரைப் புடைப்பு, எடை ஏற்றம் இருக்காது. அதுபோல் எனலாப்ரில் உண்டாக்கும் வறட்டு இருமலும் செயலிழப்பின் இரவு இருமலும் ஒன்றல்ல. படுத்தால் கூடி, உட்கார்ந்தால் குறைவது இரண்டாவது.

திடீரென்று நுரையீரலில் நீர் நிரம்பினால் நிலைமை நிமிடங்களில் மாறும். நோயாளி படுக்க மறுப்பார், வியர்த்துக் கொட்டும், இளஞ்சிவப்பு நுரை வரலாம். படுக்க வைக்கவே கூடாது; நிமிர்ந்து உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடவேண்டும். ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன், சிரைவழி ஃபுரோசமைடு, அழுத்தம் உயர்ந்திருந்தால் நைட்ரோகிளிசரின் என்று மருத்துவர் ஆணைப்படி வேகமாக நடக்கும். ஃபுரோசமைடை ஒரேயடியாகச் செலுத்தினால் காது கேட்கும் திறன் பாதிக்கப்படலாம் என்பதால் மெதுவாகச் செலுத்தவேண்டும். சிறுநீர் அளவை மணிக்கு ஒருமுறை குறிக்கவேண்டும். பி.பி. இறங்கி, கைகால் சில்லிட்டு, குழப்பமாகப் பேசுபவர் இன்னும் ஆபத்தான நிலையில் இருக்கிறார்.

மருந்துகளில், எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டான் குடும்பத்தோடு ஸ்பைரனோலாக்டோனும் சேரும்போது பொட்டாசியம் எகிறும் அபாயம் உண்டு. வெயிலுக்கு இதமென்று தினமும் இளநீர் குடிப்பவரிடம் இதைக் கேட்டறியவேண்டும், இளநீரில் பொட்டாசியம் மிகுதி. பீட்டா தடுப்பான்கள் ஒரு காலத்தில் செயலிழப்பில் விலக்கப்பட்டவை; அட்ரீனலினின் விரட்டலிலிருந்து இதயத்தைக் காப்பதால் இன்று அவசிய மருந்துகள். நீர் கோத்துத் திணறும் வேளையில் மட்டும் புதிதாகத் தொடங்குவதில்லை. டிஜாக்சின் கொடுக்குமுன் மார்பில் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணி, 60க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். நீர் வெளியேற்றும் மாத்திரையைக் காலையில் கொடுப்பது வழக்கம். இரவு ஷிஃப்டு முடித்துப் பகலில் தூங்குபவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும், அவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். அவர் எழும் நேரத்துக்கு மாற்றித் தர மருத்துவரிடம் கேட்கலாம். எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு கவனமும் தேவை. பெங்களூருவில் இதயத்துக்குக் காட்டுபவர் அங்கே ஒரு பிராண்டும், இங்கே அரசு மருத்துவமனையில் அதே மருந்தை வேறு பெயரிலும் வாங்கி இரண்டையும் சாப்பிட நேரலாம். பை முழுதையும் கொட்டி, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் படித்துப் பார்த்தால்தான் இது வெளிப்படும்.

அதே பையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் இருக்கக்கூடும். உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். செயலிழப்பு உள்ளவரை நேரே வார்டுக்கு அனுப்பும். உப்பு நாளுக்கு ஐந்து கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பேக்கரிப் பண்டம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கேழ்வரகுக் களி இந்தப் பகுதியின் நல்ல உணவு. உப்பு ஏறுவது களியில் அல்ல, தொட்டுக்கொள்வதில். வீடு திரும்பியவர் தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்த்து எழுதவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது நீர்; மூச்சிரைப்பு தொடங்குமுன்பே தகவல் சொல்ல அந்த எடைதான் உதவும்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை. இந்தியாவில் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைப் பதிவுசெய்த தேசிய ஆய்வில், 90 நாளுக்குள் நூற்றுக்குப் பதினான்கு பேர் இறந்தனர். ஆகவே ஓரிரு வாரத்துக்குள் மறுபரிசோதனை முக்கியம். நன்றாகத் தேறியவர்களிடம் வேறொரு கேள்வி எழும்: இ.எஃப். 30இலிருந்து 55க்கு வந்துவிட்டது, இனி மாத்திரையை நிறுத்தலாமா? பிரிட்டனில் இதயத் தசை விரிவு நோயிலிருந்து மீண்ட 51 பேரிடம் இதைச் சோதித்தார்கள். படிப்படியாக மருந்தை நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்ட 26 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இயல்பாகத் தெரியும் எண் குணமானதைக் காட்டவில்லை, மருந்து வேலை செய்துகொண்டிருப்பதையே காட்டியது. எனவே மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவரின் முடிவு. டிஸ்சார்ஜ் அன்று அதை நோயாளிக்கும், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் அவர்கள் மொழியிலேயே சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்டு உறுதிசெய்வது செவிலியரின் பொறுப்பு.